மண்ணெண்ணெயில் நின்ற மெசின்

மருதனார்மடச் சந்தியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் வகுப்பு நடந்தது. பகலில் அது ரியூட்டரி. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இரசாயனம் படித்துவிட்டுப் போனபின், பொழுது சாயும் நேரத்தில் நாங்கள் ஏறிப்போவோம். கரும்பலகையில் மிஞ்சியிருக்கும் சமன்பாடுகளை அழிப்பது என் வேலை. யாரும் அதை எனக்குத் தரவில்லை. முதலில் வருகிறவன் நான் என்பதால் அது என்னிடம் வந்து சேர்ந்தது.

எண்பதாம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்து வகுப்புத் தொடங்கியபோது உட்காரும் வாங்குகள் நிறைந்திருந்தன. கம்பியூட்டர் எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். அது கொழும்பில் இருக்கிறது, இங்கிருந்து தாளில் எழுதி அனுப்புவோம் என்று தில்லைநாதன் மாஸ்டர் சொன்னார். சித்திரை வருவதற்குள் மூன்று பேர் மிஞ்சினோம்: வல்வெட்டித்துறைப் பஞ்சலிங்கம், சாவகச்சேரி மீனாம்பிகை, உடுவிலிலிருந்து நான்.

பஞ்சலிங்கத்தின் பரம்பரையில் எல்லோரும் கடலோடிகள். தனக்கு மட்டும் கடலைக் கண்டால் தலை சுற்றும் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். மீனாம்பிகை உடுவிலில் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்து, கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் வேலை பார்த்தார். மாஸ்டருக்கும் எங்களைவிட நான்கைந்து வயதுதான் கூட. கொழும்பில் ஒரு கணினி நிலையத்தில் வேலை செய்தவர். தகப்பனின் வருத்தத்துக்காக ஊருக்கு வந்து, அவர் காலமான பின்பும் திரும்பிப் போகாமல் நின்றார்.

கட்டம் போட்ட தாளில் புரோகிராமை ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதுவோம். மாஸ்டர் அதை வெள்ளிக்கிழமை மெயில் ரயிலில் கொண்டுபோவார். அங்கே அட்டைகளில் துளைபோட்டு மெசினில் ஓட்டுவார்கள். திங்கட்கிழமை, ஓரமெல்லாம் துளையுள்ள நீண்ட தாள் மடிப்பு மடிப்பாக வந்து சேரும். நாங்கள் அதை வாசிப்பதற்கு முன் தொட்டுப் பார்ப்போம். நாங்கள் காணாத மெசின் தொட்ட தாள்.

வைகாசியில் ஒரு நாள் மாஸ்டர் மேசையில் ஏறி உட்கார்ந்தார்.

"நிலையத்திலை மூண்டு முறை எங்களுக்கு மெசின் தருவினம். கூட்டுறவுச் சங்கத்தின்ரை மாத அறிக்கை ஒழுங்கா வந்தால் வகுப்புக்கு ரெண்டாம் கட்டம் இருக்கு. வராட்டில் இந்த மண்டபச் சாவியைக் கடை முதலாளியிட்டைக் குடுத்துப்போட்டு நான் என்ரை பாட்டிலை போறன்."

"அப்ப நாங்கள் மாஸ்டர்?" என்றான் பஞ்சலிங்கம்.

"நீர் கொப்பரோடை வத்தையிலை ஏறும்."

"ஏறின உடனை சத்தி எடுப்பன்."

"அப்ப ஒழுங்கா எழுதும்."

வேலையைப் பிரித்தார். அங்கத்தவர் கோப்பு பஞ்சலிங்கத்துக்கு. விலைப்பட்டியல் தனக்கு. அறிக்கை மீனாம்பிகைக்கு. பிறகு என்னைப் பார்த்தார்.

"சோமசேகரம், நீர் சட்டகம்."

சட்டகம் எதையும் கணக்கிடாது, எதையும் அச்சிடாது. மற்றப் பகுதிகள் ஒவ்வொன்றுக்கும் வேலைக்கு முன் ஓர் ஆயத்தம் இருக்கிறது. வேலை முடிந்தபின் தன் சாமான்களை ஒதுக்கிவைக்கும் கடமை இருக்கிறது. எது எதை நம்பியிருக்கிறது என்று அறிந்து, அந்த ஒழுங்கில் அவற்றை எழுப்பி, கடைசியில் ஒதுங்கவைத்து அனுப்பிவைப்பதுதான் சட்டகத்தின் வேலை. அங்கத்தவர் எந்த ஊர் என்று தெரியாமல் விலையைப் பார்க்க முடியாது. பெயரும் விலையும் இல்லாமல் அறிக்கை எழுத முடியாது. ஆகவே முதலில் கோப்பு, பிறகு விலை, பிறகு அறிக்கை.

"சும்மா நிண்டு கதவு திறந்து பூட்டுற வேலை," என்றான் பஞ்சலிங்கம். "உனக்கு நல்ல பொருத்தம் மச்சான்."

அவன் பகிடியாகத்தான் சொன்னான். அதை என் நாட்குறிப்பில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

உண்மையில் கதவு திறந்து பூட்டுவதுதான் அப்போது என் சீவியமாக இருந்தது. கூடப்பிறந்த இராசநாயகம் அண்ணை மேற்கு ஜேர்மனிக்குப் போய்விட்டார். அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கென்று சாவகச்சேரிக்குப் போன அம்மா, பிள்ளை தவழத் தொடங்கியும் வரவில்லை. வரச் சொல்லிக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. காலையில் ஆக்கும் சோறு இரவுக்கும் காணும். பகல் முழுக்க நான் கதைப்பது வெங்காயத் தோட்டத் தரையில் தண்ணீர் இறைக்கும் மெசினோடுதான், அதுவும் ஏச்சு. மேல்மாடியில்தான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆட்கள் இருந்தார்கள். மூன்று முறைக்குள் ஓடாவிட்டால் அந்தப் படியில் ஏற எனக்குக் காரணம் இருக்காது. மற்ற இருவருக்கும் வேறு பின்னேரங்கள் இருந்தன.

அதனால் மிகக் கவனமாக எழுதினேன். ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு வாசித்தேன். எழுப்பும் ஒழுங்கில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. அனுப்பும் ஒழுங்கிலும் இருக்கவில்லை. எதற்கும் ஐயப்படுகிற நான் அந்த ஒரு இடத்தில் ஐயப்படாமல் போனது இன்றைக்கும் விளங்கவில்லை.

முதலில் வந்ததை முதலில் அனுப்பு என்று எழுதியிருந்தேன். எங்கள் தரைக்குத் தண்ணீர் பங்குக் கிணற்றிலிருந்து வருகிறது. அங்கே முறை அப்படித்தான். முதலில் இறைக்கத் தொடங்கியவன் முதலில் மெசினை நிற்பாட்டிவிட்டுப் போகவேண்டும். அவன் கொஞ்சம் பிந்தி நின்றாலும், அடுத்த பங்குக்காரர் இளையதம்பியர் வேலியடியில் வந்து, "இன்னும் என்ன தம்பி, முறை முடிஞ்சுதெல்லே?" என்பார். சிறுவயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்த கைக்கு, வேறு ஒழுங்கு ஒன்று இருக்கலாம் என்றே தோன்றவில்லை.

முதல் தாள் வந்தது. அங்கத்தவர் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். வெங்காயம், மிளகாய், புகையிலை எல்லாம் சரி. கடைசி ஊரின் மொத்தம் வரவேண்டிய இடத்தில் மட்டும் ஓர் ஆங்கில வரி வந்து, அதற்குக் கீழே வெறும் தாள்.

"மூடின கோப்பை வாசிக்கப் பாத்ததாம்," என்றார் மாஸ்டர்.

மீனாம்பிகை தாளைத் தன் பக்கம் திருப்பினார். "என்ரை பகுதி ஒதுங்கேக்கைதான் கடைசி ஊரின்ரை மொத்தத்தை அடிக்கும். அப்ப ஊரின்ரை பேரைக் கோப்பிட்டைக் கேக்கும்."

"கோப்பு எங்கை?" என்று என்னிடம் கேட்டான் பஞ்சலிங்கம்.

"அனுப்பிப்போட்டன்."

"ஏன் அதை முதல் அனுப்பினனீ?"

"அதுதானே முதல் வந்தது."

பஞ்சலிங்கம் வாங்கில் சாய்ந்து சிரித்தான். "மச்சான், நீ வத்தை ஓட்டினால் கரைக்கு வந்த உடனை பாய்மரத்தைப் பிடுங்கிப்போட்டே பாயை இறக்குவாய்? மரத்திலை எல்லே பாய் தொங்குது!"

மாஸ்டரும் சிரித்தார். மீனாம்பிகை சிரிக்கவில்லை, அல்லது குனிந்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை. நான் ஒழுங்கைத் தலைகீழாக மாற்றினேன். அறிக்கை முதலில் ஒதுங்கும், பிறகு விலை, எல்லோரும் போனபின் கோப்பு. ஒரு சில வரிகள்தான். எழுதும்போது காதெல்லாம் சூடாக இருந்தது.

இரண்டாம் தாள் மிகச் சிறியது. மாஸ்டர் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதுவும் நான் எழுதிய வரி. வேலை நடக்கிறது, உள்ளே வராதே.

அந்த வரியை நான் நல்ல எண்ணத்தில்தான் வைத்தேன். சங்கத்தின் கோப்புகள் மெசினில் ஒரே காந்தத் தட்டில் இருக்கின்றன. ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் அதில் எழுதினால் கணக்குக் குழம்பும். ஆகவே சட்டகம் தொடங்கும்போது தட்டில் ஒரு குறி வைக்கும். எல்லாம் ஒதுங்கிய பின் கடைசி வேலையாக அதை அழிக்கும். குறி இருப்பதைக் கண்டால் வேறு யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று நின்றுவிடும். முதல் ஓட்டம் நடுவில் செத்துப்போனதால் குறியை அழிக்கும் இடத்துக்கு அது வரவேயில்லை. அடுத்த கிழமை வந்த சட்டகம் தன்னுடைய பழைய குறியைக் கண்டு, யாரோ இருக்கிறார்கள் என்று நம்பி, வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே ஒருவரும் இல்லை.

"உந்தக் குறியைத் தூக்கி எறி மச்சான்," என்றான் பஞ்சலிங்கம். "ஆர் வரப்போயினம்?"

"வருவினம்," என்றார் மீனாம்பிகை. "மாதக் கடைசியிலை எங்கடை கந்தோர்க் கணக்கும் அதே தட்டிலைதான் பதியிறது. ரெண்டும் ஒண்டா எழுதினால் ஆற்றை வெங்காயம் ஆருக்குப் போகுமெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"அப்ப குறியும் வேணும், குறி இருக்கவும் கூடாது. நல்ல கதை."

மாஸ்டர் எழுந்து யன்னலை மூடினார். பக்கத்துக் கோயில் மணி கேட்டது. "ஒரு முறைதான் மிச்சம்," என்றார். "வெள்ளிக்கு முதல் எனக்குத் தாள் வேணும். சோமசேகரம், ஏலாதெண்டால் இப்பவே சொல்லும். நான் எழுதுறன். குறையா நினைக்க மாட்டன்."

"ஏலும் மாஸ்டர்," என்றேன். எப்படி என்று எனக்குத் தெரியாது. அவர் எழுதினால் நான் அந்த வாங்கில் எதற்கு இருக்கிறேன் என்பதுதான் அப்போது மனதில் ஓடியது.

படியிறங்கும்போது மீனாம்பிகை ஒரு சிறு பையைத் தந்தார். சனி ஞாயிறுகளில் சாவகச்சேரிக்குப் போய்வருகிறவர். "உங்கடை அம்மா குடுத்துவிட்டவ. பயத்தம் பணியாரம். மெசின் ஒழுங்கா ஓடுதோ எண்டு கேட்டவ."

"என்ன சொன்னனீங்கள்?"

"எந்த மெசினைக் கேக்கிறா எண்டு எனக்குத் தெரியேல்லை. ஓம் எண்டு சொன்னன்." பிறகு, "நீங்கள் இளைச்சுப் போனியளோ எண்டும் கேட்டவ. அதுக்கு மறுமொழி சொல்லேல்லை," என்றுவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை இறைப்பு முறை எனக்கு. கிணற்றடிக்குப் போனதும் வழக்கம்போல முதலில் காபரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றி மணந்தேன். மண்ணெண்ணெய். கீழே ஊற்றிவிட்டு, துணியால் துடைத்து, பெற்றோல் வார்த்துப் பூட்டினேன். கயிற்றைச் சுற்றினேன்.

எங்கள் மெசின் மண்ணெண்ணெயில் ஓடுவது; ஆனால் குளிர்ந்த மெசின் மண்ணெண்ணெயில் எழும்பாது. பெற்றோலில் எழுப்பி, சூடானதும் குழாயை மண்ணெண்ணெய்க்குத் திருப்பவேண்டும். நிற்பாட்டும்போதும் அப்படியே. முதலில் பெற்றோலுக்குத் திருப்பி, கிண்ணத்திலுள்ள மண்ணெண்ணெய் எரிந்து முடிந்தபின்தான் நிற்பாட்ட வேண்டும். அது அன்றைய இறைப்புக்கல்ல, அடுத்த நாள் இழுவைக்கு. அண்ணை இருந்த காலத்தில் அவர் மெசினடியில் நிற்பார். நான் தரையில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவேன். கடைசிப் பாத்தி நிறையும்போது, தண்ணீர் போதுமென்று "காணும்!" எனக் கத்துவேன். அவர் குழாயைத் திருப்புவார். அடுத்த நாள் ஒரே இழுவை.

இப்போது தண்ணீர் மாறுகிறவனும் நான்தான், மெசினடிக்காரனும் நான்தான். கடைசிப் பாத்தியை விட்டுவிட்டு ஓடினால் தண்ணீர் வரம்பை உடைக்கும். நின்றால் தாங்கியில் மண்ணெண்ணெய் முடிந்து, கிண்ணத்தின் அடியில் மிச்சத்தோடு மெசின் தானாகச் செத்துவிடும். பெரும்பாலும் செத்துவிடும். அதனால் அண்ணை போன நாளிலிருந்து, நேற்று மெசின் ஒழுங்காக நின்றிருக்கும் என்று நம்பி நான் கயிற்றை இழுப்பதில்லை. மணந்து பார்ப்பேன். பெற்றோல் என்றால் இழுப்பேன். மண்ணெண்ணெய் என்றால் துடைத்துவிட்டு இழுப்பேன். இதை ஒரு முறைமை என்று நான் நினைத்ததே இல்லை. ஆள் இல்லாத குறைக்கு ஒரு சமாளிப்பு, அவ்வளவுதான்.

கயிறு கையில் சுற்றியபடி நின்றேன். இளையதம்பியர் வேலிக்கு அப்பாலிருந்து, "என்ன தம்பி, மெசினோ நீயோ எழும்பேல்லை?" என்று கேட்டார்.

நான் எழுதிய சட்டகத்துக்கு மணந்து பார்க்கத் தெரியவில்லை. முந்திய ஓட்டம் எப்போதும் ஒழுங்காக முடிந்திருக்கும் என்று அது நம்பியது. மெசினடியில் எப்போதும் ஒருவர் நிற்பார் என்று நினைக்கிற ஆள் எழுதியதுபோல அதை எழுதியிருந்தேன்.

அன்று பின்னேரம் மற்றவர்கள் வருவதற்கு முன் கரும்பலகையில் எழுதிவைத்தேன். குறி வைக்கும்போது எந்த வேலையின் குறி என்று பெயரையும் சேர்த்து வை. தொடங்கும்போது குறி இருந்தால் உடனே நிற்காதே, பெயரைப் பார். மற்றவருடையதென்றால் நில். எங்களுடையதென்றால், அல்லது பெயரில்லாத பழைய குறியென்றால், முந்திய ஓட்டம் நடுவில் செத்தது. மிச்சம் மீதியைத் துடைத்துவிட்டுத் தொடங்கு. எந்தப் பகுதியாவது எழும்ப மறுத்தால், அதுவரை எழும்பியவற்றை மட்டும் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக ஒதுக்கு. எழும்பாததை ஒதுக்கப் போகாதே.

"எங்கடை பேரிலையே ரெண்டு வேலை ஒண்டா ஓடினால்?" என்று கேட்டார் மீனாம்பிகை.

"மாஸ்டர் ஒருவர்தானே கொண்டுபோறவர்," என்றேன். பிறகு எனக்கே அது போதாதென்று பட்டது. "ஓடாது எண்டு நினைக்கிறன். சரியாத் தெரியேல்லை."

"தெரியேல்லை எண்டதையும் தாளிலை எழுதிவிடும்," என்றார் மாஸ்டர். "நிலையத்து ஆக்கள் அதைப் பாக்கட்டும்."

பஞ்சலிங்கத்துக்கு மெசின் கதையைச் சொன்னேன். "மணந்து பாக்கிற புரோகிராம்!" என்று கத்தினான். "மாஸ்டர், துளை அட்டையிலை மூக்குக்கு எத்தினை கட்டம்?" பகிடி பண்ணிக்கொண்டே கடைசி பஸ் வரும்வரை என்னோடு இருந்து, ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்துச் சரிபார்த்தான்.

திங்கட்கிழமை மாஸ்டர் பிந்தி வந்தார். நாங்கள் மூவரும் யன்னலால் சந்தியைப் பார்த்தபடி நின்றோம். அவர் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், கக்கத்தில் தாள் கட்டு தடிப்பாக இருப்பதைப் பஞ்சலிங்கம்தான் முதலில் கண்டான்.

எல்லாம் வந்திருந்தது. கடைசி ஊரின் மொத்தமும், அதற்குக் கீழே எல்லா ஊர்களின் மொத்தமும். மீனாம்பிகை விரலை வைத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, "சரி," என்றார். பஞ்சலிங்கம் என் முதுகில் அறைந்தான்.

"இன்னொரு கதை இருக்கு," என்றார் மாஸ்டர். "நடுவிலை கரண்ட் போயிட்டுது. நான் தலையிலை கை வைச்சிட்டன். கரண்ட் வந்தாப் பிறகு நிலையத்துப் பொடியன் என்னைக் கேக்காமல் வேலையைத் திரும்பப் போட்டிட்டான். அது தன்ரை பழைய குறியைக் கண்டு, துடைச்சுப்போட்டு, முதலிலையிருந்து ஓடினது. ஒரு சத்தமில்லை."

நான் தாளைப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. துடைத்ததற்கு அடையாளமாக ஒரு வரிகூட அச்சிடச் சொல்லி நான் எழுதியிருக்கவில்லை.

பிறகு மாஸ்டர் கதிரையில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். இரண்டாம் கட்டம் உண்டு. ஆனால் அது கொழும்பில், நிலையத்திலேயே. இரண்டு பேரை எடுக்கிறார்கள். கோப்பு எழுதியவரையும் அறிக்கை எழுதியவரையும் கேட்டிருக்கிறார்கள். மாஸ்டரையும் திரும்ப வரச் சொல்லிவிட்டார்கள். மீனாம்பிகைக்கு வெள்ளவத்தையில் மாமா வீடு இருந்தது.

"உம்மடை பகுதியையும் சொன்னனான்," என்றார் என்னிடம். "அது பிழைச்சிருந்தால் ஆர் எழுதினது எண்டு கேட்டிருப்பினம். பிழைக்கேல்லை. ஒருத்தரும் கேக்கேல்லை."

"பரவாயில்லை மாஸ்டர்."

"பரவாயில்லை இல்லை," என்றார் மீனாம்பிகை. கீழே கடைக்காரர் பலகைக் கதவுகளைப் போடத் தொடங்கினார்.

அவர்கள் போவதற்கு முந்திய நாள் காலையில் பஞ்சலிங்கம் கிணற்றடிக்கு வந்தான். வல்வெட்டித்துறையிலிருந்து முதல் பஸ் எடுத்திருக்கவேண்டும். வெள்ளைச் சேட்டோடு சேற்றில் நின்று மெசினைச் சுற்றிப் பார்த்தான்.

"இதுதானே அந்த மணக்கிற ஆள்? என்ன செய்யவேணும், சொல்லு."

"சேட்டு ஊத்தையாப் போம்."

"அது என்ரை சேட்டு. சொல்லு."

குழாயைக் காட்டினேன். "நான் அங்கையிருந்து கத்துவன். உடனை இதை இந்தப் பக்கம் திருப்பு. கொஞ்சத்தாலை சத்தம் மாறும். மாறினாப் பிறகும் கொஞ்சம் விட்டு நிப்பாட்டு."

"சத்தம் மாறினது எனக்கு விளங்குமோ?"

"விளங்கும்."

வெங்காயத் தரையின் கடைசி வரை போனேன். ஒரு பாத்தியையும் விட்டு ஓடவேண்டியிருக்கவில்லை. மண்வெட்டியால் வரம்பைத் திறந்து, நிறைந்ததும் மூடி, அடுத்ததைத் திறந்தேன். கடைசிப் பாத்தியில் தண்ணீர் வெங்காயத் தாளின் அடிக்கு வந்தபோது நிமிர்ந்தேன். கத்திக் கனகாலமாகிவிட்டதால் முதல் தடவை குரல் சரியாக வரவில்லை.

"காணும்!"

"என்ன?"

"காணும்! காணும்!"

தூரத்தில் வெள்ளைச் சேட்டு குனிந்தது. மெசினின் சத்தம் மெல்ல மாறி, தெளிந்து, கொஞ்ச நேரம் அப்படியே ஓடி, நின்றது. அவன் கையை உயர்த்தி ஆட்டினான். நானும் ஆட்டினேன். வாய்க்காலில் மிச்சத் தண்ணீர் ஓடி முடியும்வரை நின்று பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போனான்.

அடுத்த நாள் அவர்கள் ரயில் ஏறினார்கள். வழியனுப்ப நான் பஸ் வரும் காங்கேசன்துறை வீதிவரைகூடப் போகவில்லை. இளையதம்பியர் காய்ச்சலாகக் கிடந்ததால் அவருடைய முறையையும் என்னைப் பார்க்கச் சொல்லியிருந்தார்.

கிணற்றடியில் கிண்ணத்தைக் கழற்றி மணந்தேன். பெற்றோல். திரும்பவும் மணந்தேன், நிச்சயத்துக்காக. பூட்டினேன். கயிற்றைச் சுற்றி ஒரு தரம் இழுத்தேன்.

மெசின் எழும்பிவிட்டது. இரண்டாம் இழுவைக்கென்று ஊன்றியிருந்த காலை எடுக்காமல், கயிற்றைக் கையில் பிடித்தபடி, கொஞ்ச நேரம் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு குழாயை மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தரைக்குப் போனேன்.